இரும்புத்தாதுவில் பாஸ்பரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்புத்தாதுவை விற்பவரிடமிருந்து வாங்குபவரிடம் கைமாறும் பகுப்பாய்வுச் சான்றிதழில் இரும்பு, சிலிக்கா, அலுமினா, கந்தகம் ஆகியவற்றோடு பாஸ்பரஸுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த வரியில் 0.05, 0.08, 0.12 என்று புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களையே பெரும்பாலும் பார்க்கிறோம். நூறு கிலோ தாதுவில் நூறு கிராம் என்பது காதில் விழும்போது அற்பமாகத்தான் தோன்றும். ஆனாலும் அந்த நூறு கிராமுக்காக விலை குறைக்கப்படுகிறது. சில தாதுக்கள் வேறொன்றோடு கலந்தால்தான் விலைபோகின்றன. சில படுகைகள் கண்டுபிடிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகளாகியும் தோண்டப்படாமல் கிடக்கின்றன.

பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடும். எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. தாதுவை உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கி எக்ஸ் கதிர்க் கருவியில் வைக்கும்போது, பாஸ்பரஸ் எந்தக் கனிமத்துக்குள் எந்த வடிவில் இருந்தது என்ற செய்தி அந்த உருக்கலிலேயே கரைந்துபோகிறது. எண்ணளவில் ஒன்றேபோல் தோன்றும் இரண்டு தாதுக்களில் ஒன்றை அரைத்து, மிதக்கவிட்டு, எளிதில் தூய்மையாக்கிவிட முடியும். மற்றதை மாவாக அரைத்தாலும் பாஸ்பரஸ் இம்மியும் நகராது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் சதவீதத்தை மட்டும் வைத்துத் தாதுவை எடைபோடுவது பெரும் பிழை என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

முதலில், இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்பதைப் பார்க்கலாம். தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையில் கல்கரியின் வெப்பமும் ஒடுக்கும் ஆற்றலும் மிகக் கடுமையானவை. அங்கே இரும்பு மட்டுமன்றிப் பாஸ்பேட்டும் ஆக்சிஜனை இழக்கிறது. விடுபட்ட பாஸ்பரஸ் உருகிய இரும்பில் விருப்பத்தோடு கரைந்துவிடும். சிலிக்காவும் அலுமினாவும் பெரும்பகுதி கசடாகப் பிரிந்து மேலே மிதக்க, பாஸ்பரஸ் ஏறத்தாழ முழுவதுமாக இரும்போடு சேர்ந்தே கீழே இறங்குகிறது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 62% இரும்பும் 0.1% பாஸ்பரஸும் கொண்ட தாதுவிலிருந்து ஒரு டன் உருகிய வார்ப்பிரும்பு பெற ஏறத்தாழ ஒன்றரை டன் தாது வேண்டும். அந்த ஒன்றரை டன்னில் உள்ள ஒன்றரை கிலோ பாஸ்பரஸும் அந்த ஒரு டன் இரும்புக்குள் போய்ச் சேரும்போது அதன் அளவு 0.15% ஆகிவிடுகிறது. கல்கரியின் சாம்பலிலிருந்து வருவது தனி. தரமான எஃகில் அனுமதிக்கப்படுவதோ பெரும்பாலும் 0.02 சதவீதத்தைச் சுற்றியும் அதற்குக் கீழும்தான்.

பாஸ்பரஸ் இரும்பைக் கடினமாக்கும். ஆனால் குளிரில் நொறுங்கச் செய்யும். எஃகு உறையும்போது பாஸ்பரஸ் சீராகப் பரவாமல் கடைசியில் உறையும் பகுதிகளில் ஒதுங்குகிறது. பின்னர் உலோகத் துகள்களின் எல்லைகளிலும் சேர்ந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. கந்தகம் மிகுந்த இரும்பு செஞ்சூட்டில் அடிக்கும்போது விரிசல் விடும். பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு சூட்டில் நன்றாக வளைந்துகொடுத்து, ஆறிய பின் ஒரே அடியில் உடையும். இதே பண்புக்கு நன்மை தரும் முகமும் உண்டு. தில்லி குதுப்மினார் வளாகத்தில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும், ஆறு டன்னுக்கும் மேல் எடையுள்ள இரும்புத் தூணில் பாஸ்பரஸ் சுமார் 0.25% உள்ளது. சுண்ணாம்பு சேர்க்காத பழைய உலைகளில் பாஸ்பரஸைக் கவர்ந்துகொள்ளக் கசடுக்கு வலு இல்லாததால் அது இரும்பிலேயே தங்கிவிட்டது. துருவுக்கும் உலோகத்துக்கும் இடையே ஓர் இரும்பு பாஸ்பேட் ஏடு உருவாகித் தூணைக் காத்துவருகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக விளக்கியுள்ளார். அசையாமல் நிற்க வேண்டிய தூணுக்கு அது போதும். தண்டவாளத்துக்கும் கப்பல் தகட்டுக்கும் அது போதாது.

இனி, பாஸ்பரஸின் இருப்பிடத்துக்கு வருவோம். இயற்கையில் அது தனித் தனிமமாகக் கிடைப்பதில்லை. நான்கு ஆக்சிஜன் அணுக்களை நான்கு மூலைகளில் நிறுத்தி நடுவில் தான் அமர்ந்த பாஸ்பேட் என்னும் வடிவில்தான் இருக்கும். இந்த நான்முகி மிக இறுக்கமானது. நடுவிலுள்ள பாஸ்பரஸ் அயனியின் ஆரம் ஏறத்தாழ 0.17 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. ஹேமடைட், கோதைட் என்னும் இரும்புக் கனிமங்களில் ஆறு ஆக்சிஜன்கள் சூழ அமர்ந்திருக்கும் இரும்பு அயனியின் ஆரமோ 0.645 ஆங்ஸ்ட்ராம். பருமனிலும் மின்சுமையிலும் அண்டை அணுக்களின் எண்ணிக்கையிலும் பொருந்தாத இந்த அயனியால், இரும்பின் இருக்கையில் எளிதாக அமர முடியாது. ஆகவே மேக்னடைட், ஹேமடைட் போன்ற இறுக்கமான ஆக்சைடுகளின் படிகக்கூட்டுக்குள் பாஸ்பரஸ் நுழைவது மிக அரிது. அது அருகிலேயே தனிக் கனிமமாகப் படிகமாக வேண்டும். இல்லையேல் இரும்புக் கனிமத்தின் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். உலகின் பாஸ்பரஸ் மிகுந்த இரும்புத்தாதுக்கள் பெரும்பாலும் இந்த இரு வழிகளில் ஒன்றையோ இரண்டையுமோ பின்பற்றியவை.

முதல் வழியின் சிறந்த எடுத்துக்காட்டு சுவீடனின் வடகோடியிலுள்ள கிருனா. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமும் சராசரியாக 80 மீட்டர் தடிமனும் கொண்டு, நிமிர்த்தி வைத்த பலகைபோல் பூமிக்குள் சாய்ந்து இறங்கும் மேக்னடைட் பாளம் அது. உருவாகி ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரும்பு மிகுந்த கற்குழம்பிலிருந்து அது நேரடியாக உறைந்ததா, வெப்பநீரிலிருந்து படிந்ததா என்ற விவாதம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. எவ்வாறாயினும், அங்கே பாஸ்பரஸ் ஏறத்தாழ முழுவதும் அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமமாகத் தனித்து நிற்கிறது. சில இடங்களில் கருநிற மேக்னடைட்டுக்குள் வெளிறிய வரிகளாக அபடைட் ஓடுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆகவேதான் கிருனாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தொடக்கத்திலிருந்தே பாஸ்பரஸ் குறைந்த தாதுவை 'பி' என்றும் மிகுந்ததை 'டி' என்றும் பிரித்தே வெட்டினார்கள்.

அபடைட்டின் எடையில் 18.4% பாஸ்பரஸ். இதை நினைவில் வைத்துக்கொண்டால் சான்றிதழின் எண்ணைக் கனிமமாக மாற்றிப் பார்க்க முடியும்: 1% பாஸ்பரஸ் கொண்ட கிருனாத் தாதுவில் எடைக்கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை சதவீதம் அபடைட் இருக்கிறது என்று பொருள். ஐந்தரை சதவீதம் என்பது கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் அளவு. தாதுவை மாவுபோல் அரைத்தால் மேக்னடைட் துகளும் அபடைட் துகளும் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். காந்தம் மேக்னடைட்டை இழுத்துக்கொள்கிறது. அபடைட் பெரும்பாலும் நீரோடு போய்விடுகிறது. மேக்னடைட் துகளோடு ஒட்டிக்கொண்டு தப்பிவந்த எச்சத்தை நீக்க நுரை மிதப்பு முறை இருக்கிறது. அபடைட்டின் மேற்பரப்பிலுள்ள கால்சியத்தைத் தேடிப்பிடித்து ஒட்டும் கொழுப்பமில வகைச் சேர்மம் ஒன்றைத் தாதுக் குழம்பில் கலந்து காற்றை ஊதினால், அபடைட் குமிழிகளில் தொற்றி நுரையாக மேலேறி வழியும். மேக்னடைட் அடியில் தங்கும். ஒரு சதவீத அளவிலிருந்த பாஸ்பரஸ் இவ்வாறு 0.03 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொடக்க எண்ணைப் பார்த்தால் அஞ்ச வேண்டிய தாது. ஆனால் இருப்பிடத்தைப் பார்த்தால் இணக்கமான தாது.

இதற்கு நேர் எதிரான நிலையை மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியில் காணலாம். அங்குள்ள புரோக்மன் இரும்புப் பாறையடுக்கு, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இரும்பும் சிலிக்காவும் மாறிமாறிப் படிந்து உருவான வரிப்பாறை. காற்றும் மழையும் எட்டாத ஆழத்திலுள்ள அதன் பழம்பாறையில் பாஸ்பரஸ் நுண்ணிய அபடைட் படிகங்களாகத்தான் இருக்கிறது. பிற்காலத்தில் நிலத்தடி நீர் அந்தப் பாறைக்குள் ஊடுருவிச் சிலிக்காவையும் கார்பனேட்டுகளையும் கரைத்து அகற்ற, அவற்றின் இடத்தைக் கோதைட் பிடித்துக்கொண்டது. மேக்னடைட் தன் உருவம் மாறாமல் ஹேமடைட்டாக மாறியது. இரும்பு முப்பது சதவீதத்திலிருந்து அறுபதுக்கு மேல் உயர்ந்த இந்தச் செறிவூட்டலே பில்பாராவை உலகின் தாதுக் களஞ்சியமாக்கியது. ஆனால் அதே நீர் அபடைட்டையும் கரைத்தது. கால்சியம் ஓடையோடு போய்விட்டது. விடுபட்ட பாஸ்பேட் போகவில்லை. புதிதாக வளர்ந்துகொண்டிருந்த கோதைட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஏன் கோதைட்? ஹேமடைட்டைப் போலன்றிக் கோதைட்டில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அதன் படிகங்கள் மிக நுண்ணிய ஊசிகளாக வளர்கின்றன. ஒரு கிராம் கோதைட்டின் உள்ளும் புறமுமான மேற்பரப்பை விரித்துப் பார்த்தால் பல பத்துச் சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பெங்கும் இரும்போடு இணைந்த ஹைட்ராக்சில்கள் நீரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பாஸ்பேட் அயனி அருகில் வந்ததும் அந்த ஹைட்ராக்சில்களை விலக்கிவிட்டு, தன் இரண்டு ஆக்சிஜன்களை நீட்டி அடுத்தடுத்துள்ள இரண்டு இரும்பு அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. மின்கவர்ச்சியால் மேலோட்டமாக ஒட்டும் உறவன்று இது, வேதிப்பிணைப்பே ஏற்பட்டுவிடுகிறது. பின்னர் கோதைட் மேலும் வளர, ஒட்டிய பாஸ்பேட்டின்மேல் புதிய அடுக்குகள் மூடுகின்றன. படிகக்கூட்டுக்குள் பாஸ்பரஸ் உண்மையிலேயே இடம்பெறுகிறதா, அல்லது நுண்ணூசிகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. இரண்டும் நடக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தொழிற்சாலையின் பார்வையில் விளைவு ஒன்றுதான்: பிரித்தெடுப்பதற்குத் தனித் துகள் என்று எதுவுமே இல்லை.

இந்த வேதியியல் தமிழக விவசாயிக்கு வேறொரு பெயரில் நன்கு பழக்கமானது. செம்மண் நிலத்தில் சூப்பர் பாஸ்பேட் இட்டால் அதில் ஒரு பகுதியே பயிருக்குக் கிடைக்கும். மீதி மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் ஹேமடைட்டும் மஞ்சள் பழுப்பு நிறம் தரும் கோதைட்டும் அலுமினிய ஆக்சைடுகளும்தான் அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. விதைநேர்த்தியில் பாஸ்போபாக்டீரியா கலப்பதன் நோக்கமே, அந்தப் பிடியிலிருந்து கொஞ்சமாவது பாஸ்பேட்டை விடுவிப்பதுதான். வயலில் உரத்தைப் பூட்டிவைக்கும் அதே பூட்டுத்தான், கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்ததொரு மண்ணாக்கத்தில் புரோக்மன் தாதுவின் பாஸ்பரஸைப் பூட்டியது.

மெருகேற்றிய தாதுத் துண்டை எதிரொளி நுண்ணோக்கியில் பார்த்தால், ஹேமடைட் பளிச்சென்ற வெள்ளையாகவும் கோதைட் மங்கிய சாம்பல் நிறமாகவும் தெரியும். கிருனாத் துண்டில் இருண்ட அபடைட் மணிகளை விரல்நீட்டிக் காட்டலாம். பில்பாராத் துண்டில் அப்படிக் காட்ட எதுவும் இருக்காது. பாஸ்பரஸ் கண்ணுக்கே தெரியாது. எலெக்ட்ரான் கற்றையை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தித் தனிம வரைபடம் வரையும்போதுதான், ஹேமடைட் பகுதிகள் வெறுமையாக நிற்க, கோதைட் நிரம்பிய இடங்களில் பாஸ்பரஸ் மெல்லிய பனிபோல் படர்ந்திருப்பது வெளிப்படும். அந்தப் படர்தலும் சீரானதன்று. பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில்கூட அது ஏறி இறங்கும். ஏனெனில் ஒவ்வோர் அடுக்கும் வளர்ந்த காலத்தில் அருகில் ஓடிய நீரில் எவ்வளவு பாஸ்பேட் இருந்ததோ அதற்கேற்பவே அது பிடித்து வைத்தது.

இதிலிருந்து, கோதைட் என்றாலே பாஸ்பரஸ் மிகுதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே பில்பாராவில், பழைய ஆற்றுப் பள்ளங்களில் படிந்த யாண்டி, ரோப் ஆற்றுத் தாதுக்கள் பெரும்பகுதி கோதைட்டால் ஆனவை. ஆனால் அவற்றில் பாஸ்பரஸ் 0.04, 0.05 சதவீத அளவிலேயே நிற்கிறது. புரோக்மனுக்குக் கீழேயுள்ள மாரா மாம்பா அடுக்கின் தாதுவிலும் கோதைட் நிறைய உண்டு. பாஸ்பரஸோ புரோக்மனின் கோதைட் தாதுவைவிடக் குறைவு. மறுபுறம், புரோக்மன் அடுக்கிலேயே மவுண்ட் வேல்பேக், டாம் பிரைஸ் போன்ற மலைகளின் தாது பாஸ்பரஸ் குறைந்தது. அங்கே தாதுவானது பிற்காலத்தில் வெப்பத்துக்கு உள்ளாகி, நுண்தகடுகளாக வளர்ந்த ஹேமடைட்டாக மாறியிருக்கிறது. எஞ்சிய கோதைட் கரைந்து வெளியேறியபோது பாஸ்பரஸும் உடன் வெளியேறிவிட்டது. ஒரே பாறை, ஒரே தொடக்கம். வரலாறு வேறானதால் முடிவும் வேறாயிற்று. கனிமத்தின் பெயரை மட்டுமன்றி அது பிறந்த விதத்தையும் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கிருனா, புரோக்மன் ஆகிய இரண்டு வகைகளுக்கும் இடையே, இரண்டின் தொல்லையையும் ஒருங்கே சுமக்கும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: மீன்சினை போன்ற சிறுமணிகள் செறிந்த தாது. பிரான்சின் கிழக்கிலுள்ள லொரேன் பகுதியில் ஜுராசிக் காலக் கடலில் படிந்த மினெட் தாது இதன் புகழ்பெற்ற உறுப்பினர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள இந்த மணிகளை வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு மணல் துகளோ சிப்பியின் சிறு துணுக்கோ இருக்கும். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகக் கோதைட்டும் இரும்பு கலந்த களிமண் கனிமமும் வளர்ந்திருக்கும். ஆழமற்ற கடலின் அடியில் அலையில் உருண்டும், சேற்றில் புதைந்தும், மீண்டும் வெளிப்பட்டும் இந்த மணிகள் வளர்ந்தன. உயிரினங்கள் செழித்த அந்தக் கடலில் பாஸ்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வோர் அடுக்கும் வளரும்போதே அதைக் கவர்ந்துகொண்டது. சில இடங்களில் கோதைட் அடுக்குகளுக்கிடையே மிக நுண்ணிய அபடைட்டும் படிந்தது. எலும்புத் துணுக்குகளும் சேர்ந்தன. அபடைட் இருப்பதால் அரைத்துப் பிரித்துவிடலாம் என்று எண்ணினால், அதன் பருமன் அரைவைக்கு எட்டாது. கோதைட்டைக் கழுவலாம் என்றால் அதற்குள் அடைபட்டது வெளிவராது.

மினெட் தாதுவில் இரும்பு முப்பது சதவீதத்தைச் சுற்றியும் பாஸ்பரஸ் 0.7% அளவிலும் இருந்தது. முன்னர் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், ஒரு டன் வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ மூன்று டன் தாது தேவைப்பட்டு, அதிலுள்ள இருபது கிலோ பாஸ்பரஸும் இரும்புக்குள் சேர்ந்து, 2% பாஸ்பரஸ் கொண்ட இரும்பு கிடைக்கும். உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகாக்கும், 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் அறிவித்த முறைக்கு இத்தகைய இரும்பு அறவே உதவவில்லை. அவர் சோதனைக்குப் பயன்படுத்திய இரும்பு தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைந்ததாக அமைந்திருந்தது. உரிமம் வாங்கியவர்கள் தங்கள் ஊர் இரும்பை ஊற்றியபோது கிடைத்த எஃகு நொறுங்கியது. உலையின் உட்சுவர் சிலிக்கா நிறைந்த அமிலத் தன்மை கொண்டதாக இருந்ததால், பாஸ்பரஸ் ஆக்சிஜனேற்றம் பெற்றாலும் அதைக் கட்டிவைக்கச் சுண்ணாம்பு மிகுந்த கசடுக்கு அங்கே இடமில்லை என்பதே காரணம். ஐரோப்பாவின் பெரும்பகுதித் தாது இவ்வாறு எஃகுக்கு ஆகாததென ஒதுக்கப்பட்டது.

அந்தத் தடையை உடைத்தவர் லண்டனில் காவல் நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றி, மாலை நேர வகுப்புகளில் வேதியியல் பயின்ற சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். வேல்ஸின் இரும்பாலை ஒன்றில் வேதியியலராக இருந்த தம் உறவினர் பெர்சி கில்கிறிஸ்டுடன் சேர்ந்து, சுட்ட டோலமைட்டால் உலைக்கு உட்சுவர் எழுப்பி, சுண்ணாம்பு சேர்த்துக் காற்றூதினால் பாஸ்பரஸ் கசடுக்குள் போய்விடும் என்று அவர் நிறுவினார். 1879இல் மிடில்ஸ்பரோவில் அது தொழில் அளவில் செய்துகாட்டப்பட்டது. இம்முறையில் பாஸ்பரஸ் எரிவதே உலைக்கு வேண்டிய வெப்பத்தைக் கொடுத்தது. ஆகவே 2% பாஸ்பரஸ் கொண்ட மினெட் இரும்பு அதற்கு ஏற்ற மூலப்பொருளாகவே மாறிப்போனது. 1871 உடன்படிக்கையில் லொரேனின் ஒரு பகுதியைப் பெற்றிருந்த ஜெர்மனி இதனால் பெரும்பயன் அடைந்தது; 1890களில் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது. கிருனாவுக்கும் இதுவே கதவு திறந்தது. 1890இல் அங்கே எல்.கே.ஏ.பி. என்னும் சுரங்க நிறுவனம் தொடங்கியதும், 1903இல் நார்விக் துறைமுகத்துக்கான ரயில்பாதை திறக்கப்பட்டதும் பாஸ்பரஸ் தாதுவுக்குச் சந்தை பிறந்த பிறகுதான். தாமஸ் அந்த வெற்றியை நெடுநாள் காணவில்லை. 1885இல், முப்பத்தைந்து வயது நிறையும் முன்பே மறைந்தார்.

வட ஐரோப்பாவின் சதுப்பு நிலத் தாதுவையும் இங்கே சொல்லியாக வேண்டும். சதுப்பு நீரில் கரைந்துவரும் இரும்பு காற்றுப்பட்டதும் துருநிறச் சேறாகப் படிகிறது. அழுகும் தாவரங்களிலிருந்து வரும் பாஸ்பேட் அதோடு சேர்கிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இரண்டும் இணைந்து விவியனைட் என்னும் இரும்பு பாஸ்பேட் கனிமமாகிறது. புதிதாகத் தோண்டியெடுக்கும்போது அது வெண்மையாகவோ நிறமற்றோ இருக்கும். காற்றில் வைத்திருந்தால் கண்முன்னே நீலம் பாரித்து, போகப்போக அடர்நீலமாகிவிடும். அதன் இரும்பு ஒவ்வொரு அணுவாக ஓர் எலெக்ட்ரானை இழந்து ஆக்சிஜனேற்றம் பெறுவதன் அடையாளமே அந்த நீலம். பழங்காலக் கொல்லர்கள் இத்தகைய தாதுவிலிருந்து எடுத்த இரும்பு பல இடங்களில் பாஸ்பரஸ் மிகுந்ததாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

இருப்பிடம் என்ற இந்தக் கேள்வியைப் பிற மாசுகளுக்கும் கேட்கலாம். கந்தகம் பெரும்பாலும் பைரைட் துகளாகத் தனித்திருக்கும். தாதுவைப் பெல்லட் உருண்டையாக்கச் சுடும்போதே அதன் பெரும்பகுதி எரிந்து வெளியேறும். டைட்டானியம் இதற்கு மாறானது: அதன் அயனியின் பருமன் இரும்போடு ஒத்துப்போவதால் மேக்னடைட்டின் படிகக்கூட்டுக்குள்ளேயே அமர்ந்துகொள்கிறது, நியூசிலாந்தின் கடற்கரை இரும்பு மணல் அப்படிப்பட்டது. அலுமினியம் இரண்டு வேடமும் போடும். கிப்சைட்டாகவும் கயோலினைட் களிமண்ணாகவும் தனித்திருக்கும்போது ஒரு பகுதியைக் கழுவி அகற்றலாம். கோதைட்டுக்குள் இரும்பின் இடத்தில் அமர்ந்துவிட்டால் அசைக்க முடியாது. இந்திய ஹேமடைட் தாதுக்களின் தலையாய சிக்கல் பாஸ்பரஸைவிட இந்த அலுமினாதான். எனினும் கோதைட் மிகுந்த தாதுவில் இரண்டும் கைகோத்தே வருவதைப் பார்க்கலாம். இரண்டையும் பிடித்துவைப்பது ஒரே கனிமம்.

கோதைட்டில் பூட்டிய பாஸ்பரஸை விடுவிக்க முடியாதா என்றால், ஆய்வகத்தில் முடியும். தாதுவை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் கோதைட் தன் ஹைட்ராக்சிலை நீராக இழந்து, எண்ணற்ற நுண்பிளவுகள் கொண்ட ஹேமடைட்டாக மாறுகிறது. ஹேமடைட்டின் படிகக்கூட்டில் இடமில்லாத பாஸ்பேட் அந்தப் பிளவுகளின் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறது. அந்த நிலையில் எரிசோடாக் கரைசலோ நீர்த்த அமிலமோ கொண்டு கழுவினால் அதில் கணிசமான பகுதி கரைந்து வெளிவரும். வெப்பத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலோ, பிளவுகள் மூடிக்கொண்டு பாஸ்பரஸ் மறுபடியும் உள்ளே சிறைப்படும். கொள்கையளவில் அழகான முறைதான். ஆனால் ஆண்டுக்குப் பல கோடி டன் அள்ளும் தொழிலில், ஒவ்வொரு டன்னையும் சூடாக்கி, வேதிக் கரைசலில் நனைத்து, கழிவுநீரைக் கையாளுவதற்கு ஆகும் செலவு தாதுவின் விலைக்குள் அடங்குவதில்லை. ஆகவே பில்பாராவில் நடப்பது பிரித்தல் அல்ல, கலத்தல். துளையிட்டெடுத்த மாதிரிகளைக் கொண்டு சுரங்கத்தின் எந்தப் படியில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே வரைந்து, மிகுந்ததையும் குறைந்ததையும் அளவறிந்து கலந்து, கப்பலில் ஏறும்போது எண் வரம்புக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பாஸ்பரஸ் குறைந்த தாதுவை வெட்டித் தீர்க்கத் தீர்க்க, கலப்பதற்குக் கையிருப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதே அங்குள்ள உண்மையான கவலை.

அல்ஜீரியாவின் தென்மேற்கிலுள்ள காரா ஜெபிலெத் படுகை 1952இல் கண்டறியப்பட்டது. பல நூறு கோடி டன் தாது அங்கே உண்டு. தொலைவும் பாலைவனமும் ஒருபுறம் தடுக்க, மறுபுறம் 0.8% அளவிலான பாஸ்பரஸும் சேர்ந்து அதைப் பல பத்தாண்டுகள் முடக்கிவைத்தன. 2022இல்தான் அங்கே பணி தொடங்கியது. சீனாவின் ஹுபெய் மாநிலத்து மேற்குப் பகுதியின் தாதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பெருமளவில் இருந்தும் பாஸ்பரஸால் ஒதுக்கப்பட்டது. இரண்டுமே மினெட்டைப் போல் சிறுமணிகளால் ஆனவை.

கரியை விட்டு ஹைட்ரஜனுக்கு மாற முயலும் இன்றைய எஃகுத் தொழிலில் இந்தக் கேள்வி புதிய கூர்மை பெறுகிறது. ஹைட்ரஜனால் ஒடுக்கும் உலையில் வெப்பநிலை 1,000 டிகிரிக்குள்ளேயே நிற்பதால் எதுவும் உருகுவதில்லை, அபடைட்டும் ஒடுங்குவதில்லை. நல்ல செய்தி போலத் தோன்றினாலும், தாதுவிலிருந்த மாசு அனைத்தும் அப்படியே, உருகாமலே ஒடுங்கிய பஞ்சிரும்போடு மின்வில் உலைக்குள் வந்துசேருகிறது. அங்கே பாஸ்பரஸைக் கசடில் நிறுத்திவைக்க வேண்டுமானால் சுண்ணாம்பும் வேண்டும், இரும்பு ஆக்சைடும் வேண்டும். கசடு பெருகப் பெருக மின்செலவும் இரும்பிழப்பும் கூடும். ஆகவே இம்முறைக்கு மாசு மிகக் குறைந்த தாதுவே ஏற்றது. அரைத்துப் பிரிக்கக்கூடிய மேக்னடைட் தாதுவுக்கு இதனால் மதிப்பு ஏறியிருக்கிறது. கோதைட் தாதுவை விற்பவர்கள், பஞ்சிரும்பை உருக்கிக் கசடைத் தனியே பிரிக்கும் மின் உருக்கு உலைகளை இடையில் வைக்கும் வழியை ஆராய்கிறார்கள்.

கிருனாவில் பிரித்தெடுத்த அபடைட் நெடுங்காலம் கழிவுக் குளங்களிலேயே கொட்டப்பட்டது. இப்போது அதிலிருந்து பாஸ்பரஸ் உரத்தையும், அபடைட்டுக்குள்ளும் அதையொட்டிய மோனசைட் துகள்களிலும் உள்ள அருமண் தனிமங்களையும் பெறத் திட்டமிடப்படுகிறது. அருகிலுள்ள பெர் கெய்யர் படுகையில் பத்து லட்சம் டன்னுக்கும் மேலான அருமண் ஆக்சைடுகள் இருப்பதாக 2023 ஜனவரியில் எல்.கே.ஏ.பி. அறிவித்தது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் பிரிக்கப்படும் மோனசைட்டும் இதே அருமண் பாஸ்பேட்தான். கோதைட்டில் பூட்டிய பாஸ்பரஸுக்கு அத்தகைய வழி கிடையாது. அது உலை வழியாக இரும்புக்குள் போய், எஃகு உலையில் கசடுக்குள் வருகிறது. தாமஸ் முறையின் கசடில் பாஸ்பரஸ் ஆக்சைடு 15 முதல் 20% வரை இருந்ததால் அதை அரைத்து ஐரோப்பிய வயல்களில் உரமாக இட்டார்கள். இன்றைய எஃகு உலைக் கசடில் அது ஓரிரு சதவீதமே. உரமாக விற்க முடியாத அளவுக்குக் குறைவு, அந்தக் கசடை ஊதுலைக்கே திருப்பி அனுப்பினால் பாஸ்பரஸ் மறுபடியும் இரும்பில் ஏறிவிடும் அளவுக்கு மிகுதி.